அம்மன் காசும் ரோமப் பேரரசரும்

புதுக்கோட்டை நகரின் பழைய வீடுகளில், பூசை அறைத் தட்டிலோ அஞ்சறைப் பெட்டியின் அடியிலோ, கறுத்துத் தேய்ந்த சிறு செப்புக் காசு ஒன்று இன்றும் அகப்படுவதுண்டு. ஒருபுறம் அமர்ந்த நிலையில் பிரகதாம்பாள் அம்மனின் உருவமும் மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல்லும் கொண்ட இக்காசு, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின், அதாவது ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு உட்பட்டு உள்நாட்டு நிருவாகத்தை மட்டும் தன் கையில் வைத்திருந்த மன்னராட்சிப் பகுதியின், சொந்த நாணயம். மக்கள் அதனை அம்மன் காசு என்றே அழைத்தனர். புளியிட்டுத் தேய்க்கும்போது அதிலிருந்து எழும் செம்பு வாடை, சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின் பிறந்தவர்களுக்குக்கூட, ஒன்றன்பின் ஒன்றாகப் பல நினைவுகளைக் கிளப்பிவிடும்.

அவற்றுள் முதலாவது நவராத்திரி. அரண்மனையின் சார்பில் அரிசியோடு அம்மன் காசும் வழங்கப்பட்ட வழக்கத்தைக் கண்ணால் கண்டிருந்த அப்பத்தாக்கள், அந்த நாள்களில் அதனைச் சொல்லாமல் விட்டதில்லை. வரிசையில் நின்றவர் யார் யார், அரிசி எப்படி இருந்தது, முந்தானையில் முடிந்துவந்த காசு எதற்குச் செலவானது என்னும் செய்திகள் ஆண்டுதோறும் சிறிது மாறிக்கொண்டே வந்தன என்றாலும், காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு 'அரமனையிலேருந்து' என்ற ஒரே பதில்தான் எப்போதும் கிடைத்தது. பேரப்பிள்ளைகளோ அக்காசுகளைத் தாயக்கட்டத்தில் காய்களாக வைத்து ஆடி, பாதிக்கு மேல் தொலைத்துவிட்டனர்.

அப்பத்தாவின் பதில் பாதியளவே சரியானது என்பது பள்ளிக்கூடத்தில் தெரியவந்தது. 1889ஆம் ஆண்டளவில் வெளியான அம்மன் காசுகள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து நாணயச்சாலையில் அச்சிடப்பட்டுக் கப்பலேறி வந்தவை. இதனை வகுப்பில் சொன்ன வரலாற்று ஆசிரியர், துணியில் ஒட்டிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்த உலக வரைபடத்தை மேசைமீது விரித்து, மாணவர் ஒருவரது சட்டைப்பையிலிருந்த அம்மன் காசை வாங்கிப் புதுக்கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தபோது, அக்காசு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியையே மறைத்துக்கொண்டது. பின்னர் அவர் பிரம்பின் நுனியை அங்கிருந்து எடுத்து, அரபிக்கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக்கடல் வழியாக இங்கிலாந்துவரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்த பழைய வழியைச் சூயஸ் கால்வாய் 1869இல் எவ்வளவு சுருக்கிவிட்டது என்பதும் அந்தப் பிரம்பு போன போக்கிலேயே விளங்கிவிட்டது.

அக்காலத்துப் பாடநூலில் உலக வரலாறு நைல் நதியில் தொடங்கியது. எகிப்தின் பிரமிடுகள், மெசபடோமியாவின் களிமண் எழுத்துப் பலகைகள், கிரேக்க நகர அரசுகள், ரோமின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்று கால வரிசைப்படி அடுக்கப்பட்ட அப்பாடங்கள் அரையாண்டுத் தேர்வுவரை மனப்பாடமாக இருந்து, விடுமுறை முடிவதற்குள் மறைந்துபோயின. கால வரிசை, ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்கள் தமக்குத் தெரிந்ததை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஏற்ற முறையே தவிர, தொடங்குபவருக்கு ஏற்ற முறையன்று. கைக்கு எட்டும் பொருள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது ஏன் இங்கே இருக்கிறது என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவதுதான் தொடக்கநிலையினருக்கு எளிது என்பதைப் புதுக்கோட்டையில் படித்த அத்தலைமுறையினரின் பட்டறிவு காட்டுகிறது.

பர்மிங்ஹாமையே எடுத்துக்கொள்ளலாம். நாணயங்களைச் சம்மட்டியாலும் கைத்திருகுப் பொறியாலும் அடித்துவந்த காலம் போய், ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தைக் காசடிக்கும் வேலைக்குப் பூட்டியவர், அந்நகரத்தை அடுத்த சோஹோவில் ஆலை நடத்திய மேத்யூ போல்டன். அந்த ஆலையின் பொறிகள் 1850இல் ஏலத்துக்கு வந்தபோது அவற்றுட் சிலவற்றை வாங்கிய ஹீட்டன் குடும்பத்தார், பின்னாளில் உலகின் பல அரசுகளுக்குக் காசடித்துக் கொடுத்தனர். கைவினை ஆலைத்தொழிலாக மாறிய மாற்றத்தைக் குறிக்கும் 'தொழிற்புரட்சி' என்ற சொல், பாடநூலில் காரணங்கள் ஆறு, விளைவுகள் ஏழு என்று எண்ணிக்கையாக நின்றிருந்தது; ஊரில் புழங்கிய காசின் விளிம்பு ஏன் அவ்வளவு சீராக இருக்கிறது என்ற கேள்விக்கு விடையாக வந்தபோதுதான் அதற்குப் பொருள் கிடைத்தது.

அடுத்த கேள்வி, சென்னை மாகாணத்தை ஒட்டியிருந்த அரசுகளுள் இவ்வளவு சிறிய ஒன்றுக்குத் தன் பெயரில் காசு வெளியிடும் உரிமை எப்படி நிலைத்தது என்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக நடந்த போட்டியில் ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் மறுபக்கமும் நின்று நடத்திய கர்நாடகப் போர்களின்போது, திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் முற்றுகையிடப்பட்டிருந்த முகமது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் துணை நின்றவர் தொண்டைமான். அந்நட்பின் பலனாகவே சமஸ்தானம் தொடர்ந்து நிலைத்தது. ஆனால் திருச்சிக் கோட்டையின் சண்டை திருச்சியோடு முடிவதில்லை. ஐரோப்பாவில் 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர் என்னும் பெரும்போரின் அலைகள்தாம், 1759இல் கனடாவின் கியூபெக் நகரை ஆங்கிலேயர் கைப்பற்றியதும், 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றதும். வந்தவாசியையும் கியூபெக்கையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்ல முடியும் என்பது அந்த வயதில் பெரும் வியப்பாக இருந்தது.

இதே இழையைப் பிடித்துச் சென்றால் சங்கடமான இடம் ஒன்றும் வரும். ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சமஸ்தானத்து எல்லைக்குள் என்பதால், அவரைப் பற்றி 1959இல் வெளிவந்த திரைப்படத்துக்குப் பிறகு வெளியூர்க் கல்லூரி விடுதிகளில் சேர்ந்த புதுக்கோட்டை மாணவர்கள் 'காட்டிக்கொடுத்த ஊர்க்காரன்' என்ற கேலிக்கு ஆளாயினர். மறுமொழி தேடிப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு, 1799ஆம் ஆண்டு தனி ஒரு பாளையக்காரரின் கதையோடு நிற்காமல் விரிந்தது: அவ்வாண்டு மே மாதம் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார், திப்புவோடு தொடர்புகொள்ள முயன்ற நெப்போலியன் அப்போது எகிப்தில் இருந்தார், அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், நவம்பரில் பாரிசில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். பிரெஞ்சுக்காரர் மீண்டும் வந்துவிடுவர் என்ற ஆங்கிலேயரின் அச்சத்தை விட்டுவிட்டு அந்த ஆண்டின் தென்னிந்திய நிகழ்ச்சிகளை விளக்குவது கடினம். கேலி செய்தவர்களை இது வாயடைக்கச் செய்ததா என்பது வேறு செய்தி.

வயது வந்தோர் தாழ்ந்த குரலில் பேசிய அரண்மனைச் செய்திகளும் இவ்வகையில் பயன்பட்டன. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மெல்போர்னில் மணந்ததும், ஆங்கில அரசு அவரை அரசியாக ஏற்க மறுத்ததும், அவருக்கு அரளி நஞ்சு கொடுக்கப்பட்டதாக ஊர் பேசியதும், மன்னர் நாட்டைவிட்டு வெளியேறிப் பிரான்சில் வாழ்ந்து 1928இல் பாரிசில் காலமானதும் திண்ணைகளில் நெடுநாள் பேசப்பட்டன. அத்திருமணம் நடந்த அதே ஆண்டில்தான் ஆஸ்திரேலிய வீரர்கள் முதல் உலகப்போரில் துருக்கியின் கலிப்போலிக் கரையில் மடிந்துகொண்டிருந்தனர். பேரரசுக்காக ஆஸ்திரேலியர் உயிர்விடலாம், இந்திய மன்னர் படைக்கு ஆள் தரலாம், ஆனால் இருவரும் மணந்துகொண்டால் பிறக்கும் பிள்ளை அரியணை ஏறக் கூடாது என்ற ஏகாதிபத்தியத்தின் இனக் கணக்கை, எந்தப் பாடநூலையும்விடத் திண்ணைப் பேச்சு தெளிவாகக் கற்பித்தது.

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் 1910இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகம், பள்ளி மாணவர்க்குக் கோடை விடுமுறைப் புகலிடமாக இருந்தது. அந்துருண்டையும் பழைய மரப்பேழையும் கலந்த மணம், பாடம் செய்யப்பட்ட விலங்குகளின் கண்ணாடி விழிகள், இறந்தோரை வைத்துப் புதைக்கப் பயன்பட்ட பெரிய மண்பானைகளாகிய முதுமக்கள் தாழிகள், வெயிலில் நின்ற கற்சிற்பங்கள் ஆகியவற்றினூடே சுற்றித் திரிந்தவர்களிடம் பெரியவர்கள் தவறாமல் சொன்ன செய்தி, கருக்காக்குறிச்சிப் புதையலைப் பற்றியது. கறம்பக்குடிக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1898இல் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைச் சேர்ந்த ஜி.எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதியதால் நாணயவியலார், அதாவது பழங்காசுகளைக் கொண்டு வரலாற்றை ஆராய்வோர், உலகெங்கும் புதுக்கோட்டையின் பெயரை அறிந்தனர்.

'ஆரியுஸ்' எனப்படும் இப்பொற்காசுகள் அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான ரோமப் பேரரசர்களின் காலத்தவை. திபேரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ என்று இடைப்பட்டவர்களின் பெயர்களைக் காசுகளை வைத்தே வரிசைப்படுத்திவிடலாம். வெஸ்பாசியன் 69ஆம் ஆண்டில் பதவியேற்றவர் ஆதலின், புதையல் அதற்குப் பிறகே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும் என்று காலத்தையும் கணிக்கலாம். இதைவிட எளிய ஆராய்ச்சிப் பாடம் வேறில்லை. ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் பேரரசின் செல்வத்தில் ஐந்து கோடி செஸ்டர்சுகளை ஈர்த்துக்கொள்வதாக முறையிட்டார்; செஸ்டர்ஸ் என்பது ரோமரின் கணக்கீட்டு நாணயம், நூறு செஸ்டர்சு ஒரு பொற்காசுக்குச் சமம். அவர் சொன்னதை அப்படியே ஏற்றால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பொற்காசுகளின் மதிப்பாகிறது. அதற்கு முன் 501 என்பது சிறு தொகைதான். பருவக்காற்றின் போக்கறிந்து செங்கடலிலிருந்து நேரே கடலைக் கடந்து வந்த கப்பல்களும், அவை ஏற்றிச்சென்ற மிளகும் முத்தும் மெல்லிய துணியும் இக்கணக்கின் மறுபக்கம்.

ஆனால் மாணவர்களை உண்மையில் பிடித்துக்கொண்டது காசுகளின்மேல் இருந்த வெட்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றில், பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியாலோ அரத்தாலோ ஆழமாகக் கீறப்பட்டுள்ளது. பொன் உள்ளேயும் பொன்தானா என்று சோதிக்க வெட்டினர் என்பர் சிலர். நாணயமாக மீண்டும் புழங்காதபடி செல்லாக்காசாக்கி, எடைக்குரிய பொன்னாக மட்டும் வைத்துக்கொள்ள வெட்டினர் என்பர் வேறு சிலர். அயல் அரசரின் உருவத்தை ஏற்க மனமின்றி வெட்டினர் என்பாரும் உளர். சோதனைக்கு விளிம்பில் ஒரு சிறு கொத்தல் போதுமே, முகத்தின் நடுவில் ஏன் என்று கேட்டால் முதல் விளக்கம் தளர்கிறது. பொன்னுக்காகவே வைத்திருந்தார் எனில் உருக்காமல் ஏன் புதைத்தார் என்று கேட்டால் இரண்டாவதும் முழுதாக நிற்கவில்லை. அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வராத கேள்வியைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆலமரத்தடியில் உட்கார்ந்து வாதிட முடிந்ததே அதன் பெருமை. வரலாறு என்பது முடிந்துபோன விடைகளின் பட்டியல் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த உளி வெட்டு வேறொன்றைக் காட்டியது.

வீட்டுப் பரண்களும் இதற்குக் குறைந்தவையல்ல. இராயவரம், அரிமளம், கடியாபட்டி போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்து கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது முதலோடு வெளிநாடு சென்று தொழில் செய்தவர்கள், பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் பெட்டியடி என்னும் தொழிலகங்கள் வைத்திருந்தனர். கோட்டைப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து மலாயா சென்று மீண்டவர்களைச் 'சபுராளி' என்றனர். இவர்களது தகரப்பெட்டிகளில் வாழை மரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டுக் கட்டுகள் கிடந்தன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியர் கட்டுப்பாடின்றி அச்சடித்துத் தள்ளிய இந்நோட்டுகள், 1945இல் அவர்கள் சரணடைந்த மறுகணமே வெறுங்காகிதமாயின. பேரப்பிள்ளைகள் அவற்றை வைத்து வியாபார விளையாட்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த தாத்தாக்கள் ஒன்றும் சொன்னதில்லை. அவற்றின் அருகிலிருந்த கடிதங்களில் ஒட்டிய மலாயா அஞ்சல்தலைகள் சிலவற்றில் '2602' என்ற எண் மேலச்சிடப்பட்டிருந்தது. அது ஜப்பானியப் பேரரசுக் கணக்குப்படி 1942ஆம் ஆண்டு என்று தெரிந்துகொள்வதற்குள், அஞ்சல்தலை சேகரித்த சிறுவனுக்கு இரண்டாம் உலகப்போரின் கிழக்கு முனை முழுவதும் அறிமுகமாகியிருந்தது.

பர்மாவின் கதை இன்னும் நீண்டது. 1852இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்ததும், சூயஸ் வழியாக அரிசி ஏற்றுமதி பெருகியதும், உழவருக்குக் கடன் கொடுக்கச் செட்டியார்கள் பரவியதும், 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிந்து அடமான நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்ததும், அதனால் பர்மியரின் பகையைத் தேடிக்கொண்டதும் ஒரே சங்கிலி. அமெரிக்கப் பங்குச்சந்தையின் வீழ்ச்சி இராயவரத்து வீட்டின் முகப்பு வேலையைப் பாதியில் நிறுத்தக்கூடும் என்பதை அவ்வூரார்க்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த இராயவரத்தில் 1912இல் பிறந்து, இளமையில் பர்மாவில் வாழ்ந்து திரும்பியவர் சக்தி வை. கோவிந்தன். ஆங்கிலத்தில் பெங்குவின் நிறுவனம் மலிவு விலையில் நல்ல நூல்களை வெளியிட்டதைக் கண்டு, அவ்வாறே தமிழில் செய்ய முனைந்த அவரது சக்தி காரியாலயம், டால்ஸ்டாய் முதலிய உலக எழுத்தாளர்களைத் தமிழ் வாசகரின் கைக்குக் கொண்டுவந்தது. அவர் காலத்தவரான வெ. சாமிநாத சர்மா, கிரேக்கம், சீனம், ருஷ்யா, பாலஸ்தீனம் என்று நாடு நாடாக எடுத்து எளிய தமிழில் வரலாறு எழுதினார். 1942இல் ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சி ரங்கூனிலிருந்து நடந்தே வெளியேறியவர்களுள் அவரும் ஒருவர் என்பதால், உலக அரசியல் அவருக்கு ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. நூலகத்தில் அட்டை கிழிந்து, பைண்டு செய்யப்பட்டு, பசை வாடையோடு கிடைத்த அந்நூல்களே அத்தலைமுறையில் பலருக்கு உலக வரலாற்றின் முதல் வாசிப்பு.

சிறையிலிருந்த நேரு 1930 முதல் 1933 வரை மகள் இந்திராவுக்கு எழுதிய 196 கடிதங்கள், ஓ.வி. அளகேசனின் மொழிபெயர்ப்பில் 'உலக சரித்திரம்' என்ற பெயரில் கிடைத்தன. இதனை முதற்கடிதத்திலிருந்து படிக்கத் தொடங்கியவர்களுள் பெரும்பாலோர் இடைவழியிலேயே நின்றுவிட்டனர். கருக்காக்குறிச்சிக் காசைப் பார்த்துவிட்டு ரோமைப் பற்றிய கடிதங்களையும், வாழை மர நோட்டைப் பார்த்துவிட்டு ஜப்பான் பற்றிய கடிதங்களையும் தேடிப் புரட்டியவர்கள் மெல்ல மெல்ல முழுவதையும் முடித்தனர். கதையாகப் படிக்க விரும்பியவர்களுக்குக் கண. முத்தையா தமிழாக்கிய ராகுல சாங்கிருத்யாயனின் 'வால்காவிலிருந்து கங்கை வரை' இருந்தது. அதிலுள்ள தொடக்கக் கதைகளின் வரலாற்றுச் சான்று ஐயத்துக்குரியதே ஆயினும், மனித சமூகம் காலந்தோறும் மாறிவந்தது என்ற எண்ணத்தை ஊன்றுவதில் அதற்கு இணையான தமிழ் நூல் அரிது.

இன்று வழிகள் பெருகிவிட்டன. வெளிநாட்டுக் கடிதமும் அஞ்சல்தலையும் மறைந்து, மலேசியாவிலிருந்து பேரன் திரையில் முகம் காட்டுகிறான். சுருட்டிய வரைபடத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. தமிழ்நாடு அரசின் மேல்நிலை வகுப்பு வரலாற்றுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாமிநாத சர்மாவின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். காகித நூலைத் தொட்டுப் படிக்க விரும்புவோர்க்கு, ஆசிரியப் பணியிலிருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் திருக்கோகர்ணத்தில் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. அரிய முதற்பதிப்புகளோடு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட இத்தனியார் நூலகம், புதுக்கோட்டையின் பழைய வாசிப்பு வழக்கத்துக்கு எஞ்சியுள்ள பெரும் சான்று. புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் தொல்லியல் துறை 2023இல் தொடங்கிய அகழாய்வு, சங்ககாலக் கோட்டை ஒன்றை மண்ணிலிருந்து வெளிக்கொணர்ந்தது. அங்குக் கிடைத்த சூதுபவள மணி, அக்கல் குசராத்துப் பகுதியிலிருந்து வருவது என்பதால், அடுத்த தலைமுறை மாணவர்க்கு இன்னொரு இழையின் முனையாக அமையக்கூடும்.

எதில் தொடங்குவது என்று கேட்போர்க்கு நார்த்தாமலையைப் பரிந்துரைக்கலாம். திருச்சிச் சாலையில் உள்ள அவ்வூர், சோழர் காலத்தில் வணிகர் நிருவாகம் செய்த நகரமாக இருந்தது; நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக்குழு, அதாவது பல நாடுகளுக்கும் சென்று வாணிகம் செய்தோரின் கூட்டமைப்பு, அங்குள்ள கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. அதே ஐந்நூற்றுவர் சுமத்திராத் தீவின் பாரூசில் 1088இல் தமிழிலேயே ஒரு கல்வெட்டைப் பொறித்திருக்கின்றனர். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. காலை வெயில் ஏறுவதற்குள் மலைமேல் விஜயாலய சோழீச்சுரத்தைப் பார்த்துவிட்டு இறங்கி, அன்று மாலையே பாரூசை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிப்பது நல்ல முதற்பாடமாக இருக்கும். திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே மலைக்குப் போவதற்கு அந்நாளை ஒதுக்கிக்கொள்வது வசதி.